எக்காலத்து வீரர் பெரியவர்?



ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் ஜோ லூயிஸ் பெரியவரா, ராக்கி மார்சியானோ பெரியவரா என்று வாதிடுவோர் உண்டு. லூயிஸ் 1937 முதல் 1949 வரை உலகப் பட்டத்தை வைத்திருந்து, அதை 25 முறை காத்தார். மார்சியானோ 49 பந்தயங்களிலும் தோல்வியறியாமலே 1956-ல் ஓய்வு பெற்றார். "இருவரும் மோதியிருந்தால் தெரிந்திருக்குமே" என்பீர்கள். மோதத்தான் செய்தார்கள். 1951-ல் எட்டாம் சுற்றில் லூயிஸ் வீழ்ந்தார். ஆனால் அன்று அவருக்கு வயது 37, மார்சியானோவுக்கு 28. வென்றது திறமையா, இளமையா? யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

ஒருவன் தன் நாளில் தன்முன் வந்தவனோடுதான் பொருத முடியும். ஆகவே நம் வீடுகளிலும் தகப்பனின் உழைப்பைக் கொண்டு மகனை அளக்காதீர்கள். மகனின் படிப்பைக் காட்டித் தகப்பனைத் தாழ்த்தாதீர்கள். அவரவர் காலம் வைத்த பாரத்தை அவரவர் நேர்மையாய்ச் சுமந்தாரா என்று மட்டும் கேளுங்கள்.