வெறுங்காலும் விரதமும்

உடம்பை வருத்துதல் தவமாமோ ஆகாதோ என்பது பழைய வினா. அதனைப் பள்ளி மாணாக்கர்க்குப் பலமுறை விளக்கியிருக்கின்றோம். ஆயினும் அவ்வினா நம்மையே நோக்கி வந்து நின்றது சென்ற ஐப்பசி மாதத்திலேதான். அதுவும் ஒரு சோடி புதிய சப்பாத்தின் வாயிலாக.

கதிர்காமத்துக்கு ஆடி விழாவையொட்டி நிகழும் பாதயாத்திரையை அன்பர்கள் அறிவர். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்படுவோர் கீழ்க்கரை வழியே மட்டக்களப்பு, பொத்துவில் முதலிய ஊர்களைக் கடந்து, உகந்தை முருகன் கோயிலை அடைந்து, அங்கிருந்து குமண, யால என்னும் காடுகளினூடே சென்று மாணிக்க கங்கையிலே நீராடுவர். முழுவழியும் நடக்கும் வலிமை நமக்கு என்றும் இருந்ததில்லை. உகந்தையிலிருந்தாயினும் காட்டுவழியை வெறுங்காலாய் நடப்பதென்று பல ஆண்டுகளுக்கு முன் நேர்ந்துகொண்டோம். தேர்வு, விடுமுறை வகுப்பு, வீட்டுக்கருமம் என்று ஒவ்வோராண்டும் ஒவ்வொரு காரணம் வந்தது. நாட்டுப் போரும் இடையிட்டது. இப்பொழுது ஓய்வு பெற்றுக் களுபோவிலயில் வசிக்கின்றோம், காலம் கிடைத்துவிட்டது. ஆனால் காலோ கைவிட்டது. நீரிழிவு நோய் நம்மைப் பற்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

வைத்தியர் கூறியது சுருக்கமானது: வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கலாகாது. இரத்தத்திற் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருப்பின் பாதத்து நரம்புகள் உணர்விழக்கும். முள் தைத்தாலும் கல் வெட்டினாலும் தெரியாது. தெரியாத புண் ஆறாது. ஆறாத புண் சில வேளைகளிற் காலையே கேட்கும். இதனைக் கேட்டு நாம் நேர்த்தியைப் பற்றிச் சொன்னோம். அவர் சிறிது நேரம் வாளாவிருந்து, "நல்ல சப்பாத்து வாங்குங்கள் மாஸ்டர்" என்றார்.

அந்திப் பொழுதிலே கால் சற்று வீங்கியிருக்குமாதலின் அப்பொழுதே அளவு பார்த்து வாங்கவேண்டும் என்றும், அணியுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கவேண்டும் என்றும், புதியதை முதல் நாளிலேயே நெடுநேரம் அணியலாகாது என்றும் அவர் விளக்கினார். நாம் வெள்ளவத்தைக் கடையொன்றில் தோலினாற் செய்ததை விலக்கித் துணியும் இறப்பரும் கொண்டதொரு சோடியை வாங்கினோம். புலால் உண்ணாதான் தோலை மிதித்து நடப்பதெங்ஙனம் என்பது நம் சிறுவயதுக் கூச்சம்; அதனை நியாயமென்று வாதிக்கவும் மாட்டோம், விட்டுவிடவும் மாட்டோம். சப்பாத்து என்னுஞ் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. எனினும் காலணி நமக்குப் புதியதன்று; தொடுதோல் என்று சங்கத்தார் அதனை வழங்கினர்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப்பருவம் என்பது நூல்வழக்கு. மேனாட்டார்க்கு அவை இலையுதிர்காலம். கொழும்புப் பக்கத்தில் இலைகள் அவ்வாறு உதிர்வதில்லை. காலையிற் கூசும் வெயிலும் பிற்பகலில் இடியும் மழையுமே பருவத்தின் அடையாளம். அத்தகைய ஒரு காலைப்பொழுதிலே, வைத்தியர் கூறிய கடைசி வார்த்தையை மறந்து, களுபோவிலயினின்றும் பெபிலியான வழியாகப் பெல்லன்வில வரையும் நடந்து வரப் புறப்பட்டோம். வீடுகளும் கடைகளும் நெருங்கிய வழி அது. ஆயினும் பெல்லன்விலக்கு அப்பால் அத்திடிய வரையும் சதுப்புநிலம் விரிந்து கிடக்கின்றது. 1990ஆம் ஆண்டிலே சரணாலயமாக்கப்பட்ட இடம். குளிர்நாட்டுப் பறவைகள் வந்துசேரத் தொடங்கும் மாதம் அதுவே. நீலத் தாழைக்கோழியொன்று நாணலினிடையே காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. அதன் விரல்கள் நீண்டவை. சேறு அதனை விழுங்குவதில்லை. அக்காலுக்கு அந்நிலத்தைப் பற்றி ஐயமில்லை என்று எண்ணிக்கொண்டு சிறிது நேரம் நின்றோம்.

நிற்கும்போதே இடக்குதிகால் எரிந்தது. புதிய சப்பாத்தின் பின்விளிம்பு உராய்ந்திருந்தது. திரும்பும் வழியிலே பெல்லன்வில விகாரையின் வாயிலில், அவ்விடத்து முறைப்படி, சப்பாத்தைக் கழற்றினோம். இடக்குதிகாலிலே சிறியதொரு கொப்புளம். வலக்காலின் காலுறையை உரித்தபொழுது அது குருதியால் நனைந்திருந்தது. அங்கே கொப்புளம் உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. அக்கால் நமக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

பக்கத்திலே பூத்தட்டோடு நின்ற சிங்கள மூதாட்டி அதனைக் கண்டு முகஞ்சுளித்தார். நமக்காக அவர்க்கு வலித்தது போலும். நமக்கு வலிக்கவில்லை.

அவ்வாயிலில் அமர்ந்தே நேர்த்தியைப் பற்றி எண்ணினோம். வெறுங்காலாய் நடப்பதென்று முருகனுக்கு நாம் நேர்ந்தது என்ன? மணலின் சூட்டையும் முள்ளின் குத்தையும் பொறுத்துக்கொண்டு, அப்பொறுமையைக் காணிக்கையாக வைப்பதன்றோ? இன்று நம் வலக்கால் அச்சூட்டை அறியாது. அறியாததனைப் பொறுத்தல் எங்ஙனம்? உணர்விழந்த காலால் முள்மேல் நடப்பவன் தவம் செய்கின்றானல்லன். வைத்தியசாலைக்கு வழி தேடுகின்றான்.

வெள்ளவத்தையிலுள்ள நண்பரொருவர் இதனை ஒப்பவில்லை. நேர்த்தி நேர்த்தியே, திருநாவுக்கரசு சுவாமிகள் கயிலைக்குச் செல்லுங்கால் பாதந் தேய்ந்த பின்னும் கையினாலும் மார்பினாலும் ஊர்ந்தாரல்லரோ என்று கேட்டார். உண்மை. ஆயின் அப்பயணத்தைக் கயிலைவரை செல்லவிடாது, பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழுவித்தவரும் இறைவரே. அன்றியும் கால்நோவ நடந்துவந்த சம்பந்தப் பிள்ளையார்க்குத் திருநெல்வாயில் அரத்துறையிலே முத்துச்சிவிகையும் குடையும் அருளப்பட்டன. சிவிகையை ஏற்றமையால் பிள்ளையாரின் அன்பு குறைந்ததென்று யாரும் சொல்லார். கண்ணப்பரோ காளத்தியப்பர் திருமுடிமேல் இருந்த மலரைச் செருப்பணிந்த காலாலேயே விலக்கினார் என்பது பெரியபுராணம். சிவகோசரியார் அருவருத்தார்; சுவாமி அருவருக்கவில்லை. இதனால் நாமும் செருப்போடு கோயிலுட் புகலாம் என்று கொள்ளற்க. நாம் கண்ணப்பரல்லேம்.

தவத்தின் வடிவத்தை வரையறுத்த வள்ளுவனார் தன் துன்பத்தைப் பொறுத்தலையும் பிறவுயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் ஒருங்கே வைத்தார். அவ்விரண்டனுள் முதலாவதை மட்டுமே நாம் பெரிதும் போற்றி வந்திருக்கின்றோம். அதிலும் பிழையாகப் போற்றினோம். பொறுப்பது தன் துன்பத்தையே. பிறன் துன்பத்தை நாம் பொறுத்துக்கொள்ளுதல் எளிது. இதனை எழுதத் தூண்டியது பின்வரும் நினைவே.

பணியேற்ற புதிதில் நாம் கற்பித்த ஒரு பாடசாலையிலே எட்டாம் வகுப்பில் ஒரு மாணாக்கன் நாள்தோறும் வெறுங்காலாய் வருவான். ஏனையோர் பளபளப்பான சப்பாத்தைப் பற்றிப் பெருமை பேசுவதைக் கண்டு சினந்த நாம், ஒருநாள் அவனை வகுப்பின்முன் நிறுத்தி, எளிமைக்கு இவனைப் பாருங்கள், முனிவரைப் போல நிலத்தை நேரே தொட்டு நடக்கின்றான் என்று புகழ்ந்தோம். இரண்டு நாள் கழித்து அவன் தாயார் பாடசாலைக்கு வந்தார். "ஐயா, இனிமேல் அவனைப் புகழ வேண்டாம். அன்றிலிருந்து காலைக் கதிரைக்குக் கீழே மடித்து ஒளித்துக்கொண்டுதான் இருக்கிறானாம். எங்களுக்கு வாங்க வழியில்லை, அவ்வளவுதான்" என்றார். வேறொரு குறையும் சொல்லவில்லை. நாம் மன்னிப்புக் கேட்டோமா என்பது இன்று நினைவில் இல்லை, கேட்டிருந்தால் நினைவிலிருக்கும்.

அவனுடைய இல்லாமைக்கு நாம் தவமென்று பெயர் சூட்டினோம். இவ்வாறு பெயர் சூட்டும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. சென்ற நூற்றாண்டிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் சில சாதியார் செருப்பணிந்து தெருவில் நடத்தலாகாது என்று தடுக்கப்பட்டனர். அடக்கமென்றும் மரியாதையென்றும் அத்தடைக்கு அழகிய பெயர்கள் இருந்தன. அதற்கும் முந்திய நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்தினின்றும் தோணியில் வந்திறங்கியோர் மன்னார்க் கரையினின்று மாத்தளை வரையும் காட்டுவழியே நடந்தனர். பசியாலும் பேதியாலும் வழியிலே மாண்டவர் பலர். காட்டின் ஊடே நடந்த அந்நடையை யாரும் யாத்திரை என்று அழைத்ததில்லை. கோயிலிலே எல்லாரும் வெறுங்காலினரே, ஆகவே சமமானவரே என்று நாம் மேடைகளிற் பேசுவதுண்டு. உள்ளே புகுந்தோர்க்கு அது பொருந்தும். 1968இல் மாவிட்டபுரத்து வாயிலிலே நின்றோர் கேட்டது அந்த வெறுங்காலின் சமத்துவத்தையே. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பாடசாலைகளிலே சமஆசனம் வந்தபோது நம்மவரிற் பலர் அதனை எதிர்த்தனர் என்பதும் நாம் மறக்கத்தக்கதன்று.

வலக்கால் உணர்விழந்ததை நாம் இந்த ஐப்பசியிலேதான் அறிந்தோம். அது எப்பொழுது தொடங்கியதோ.

ஆசிரியத் தொண்டு பூண்ட அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. சிறிய பாடசாலைகளின் மாணாக்கர்க்குக் காலணி வாங்குதற்கென அண்மை ஆண்டுகளிலே அரசினர் வவுச்சர் வழங்கியுள்ளனர். அதனைக் கொடுக்கும் முறையிலும் முறையின்மை நேரக்கூடும்: பிரார்த்தனைக் கூட்டத்திலே பெயர் சொல்லி அழைத்து, வரிசையில் நிறுத்தி, நிழற்படம் எடுத்துக் கொடுப்பதைக் கேள்வியுற்றிருக்கின்றோம். தாயையோ தந்தையையோ அழைத்து அறையினுள்ளே கொடுத்துவிடலாம். பாதத்திலே புண் உள்ள பிள்ளை கண்ணிற்பட்டால் அதனையும் அவ்வாறே தனியே கேட்கலாம்.

நேர்த்தியின் நிலையைச் சொல்லி நிறுத்துகின்றோம். உகந்தையினின்றும் காட்டுவழியைச் சப்பாத்தோடே நடப்பதென்றும், மாணிக்க கங்கைக் கரையிலே அதனைக் கழற்றிப் பாதங்களை ஒருவரைக் கொண்டு பார்ப்பித்த பின் ஆற்றில் இறங்கிக் கோயில் வீதியை மட்டும் வெறுங்காலால் தொடுவதென்றும் எண்ணியுள்ளோம். இவ்வளவாவது கூடுமா என்று வைத்தியரைக் கேட்டோம். புண் முற்றும் ஆறட்டும், பிறகு பார்ப்போம் என்றார். வெள்ளவத்தை நண்பர் இன்னும் முகங்கொடுத்துப் பேசவில்லை. புண் ஆறி வருகின்றது. சப்பாத்தின் பின்விளிம்பை வீட்டிலே கையால் நாள்தோறும் மடித்து மடித்து மென்மையாக்கி வருகின்றோம். ஆடிக்கு இன்னும் ஏழு மாதங்கள் இருக்கின்றன.