சாவி கிடைத்த பிறகு

வீடு ஒரே நாளில் கிடைத்துவிடுகிறது. ஒதுக்கீட்டு ஆணையில் பெயரைச் சரிபார்த்து, பிளாக் எண்ணையும் கதவு எண்ணையும் சொல்லி, சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். லாரியில் வந்த பாத்திரம், பீரோ, டிவி, ரேஷன் கார்டு வைத்த பை எல்லாம் சாயங்காலத்துக்குள் மாடியேறிவிடும். மறுநாள் விடிந்த பிறகுதான் அந்த வீட்டுத் தாய்க்குக் கேள்விகள் வரிசை கட்டி வருகின்றன. பெரியவன் எந்தப் பள்ளிக்குப் போவான்? வேலை இருக்கும் இடத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு? அதுவரை மாமியாரும் நாத்தனாரும் எதிர்வீட்டு அக்காவும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்ட கைக்குழந்தையை இனி யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

சென்னையின் தெற்குப் புறநகரில், கண்ணகி நகரிலும் எழில் நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் பல்லாயிரம் குடும்பங்கள் இந்தக் கேள்விகளோடுதான் வாழ்க்கையைத் தொடங்கின. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும், கடலோரக் குப்பங்களிலிருந்தும், மேம்பாலத்துக்கும் சாலைக்கும் இடம் விட்ட தெருக்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். ஒரு குடும்பம் வளர்வதற்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், புத்தகத்தில் தேடவேண்டியதில்லை. இந்த நான்கு குடியிருப்புகளின் இருபத்தைந்து ஆண்டு அனுபவமே பதில் சொல்லும்.

தொடக்கத்தில் அரசின் எண்ணம் வேறாக இருந்தது. 1970-இல் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது குடிசை மாற்று வாரியம் உருவானது. அடுத்த ஆண்டு அதற்கான சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது அன்றைய வழி. நொச்சிக்குப்பத்தில் எழுந்த அடுக்குக் குடியிருப்பு அப்படி வந்ததுதான். மீனவர் வீட்டிலிருந்து எட்டிப்பார்த்தால் கடல் தெரிந்தது. பிள்ளைகள் அதே பள்ளிக்கே போனார்கள். கூரை மாறியது, வாழ்க்கை இருந்த இடத்தில் இருந்தது.

நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, ஏழைகளின் வீடு நகரத்துக்கு வெளியே நகர்ந்தது. 2000-இல் கண்ணகி நகரில் குடியேற்றம் தொடங்கியபோது, அது அமைந்த ஒக்கியம் துரைப்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் இல்லை. 2011-இல்தான் அந்த ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. அதாவது ஒரு நகரத்தின் மக்கள்தொகை, ஒரு சிறிய ஊராட்சியின் குப்பை வண்டியையும் குழாயையும் நம்பிப் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தது. ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி நிரம்பியது. 2015 பெருவெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களுக்கு வந்து சேர்ந்தன. அங்கே வீடு 400 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. உள்ளேயே கழிவறை, சமையலறை, மின்விசிறி. நாலு பேருக்குப் பொதுவான கழிவறை வாசலில் காத்துநின்ற பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வயதுக்கு வந்த மகளுக்குத் தாழ்ப்பாள் போட்ட குளியலறை கிடைத்ததைப் பற்றி ஒரு தாய் பேசும்போது அவள் குரலில் வருகிற நிம்மதியை எந்த விமர்சனமும் மறுத்துவிட முடியாது.

ஆனால் குழந்தை வளர்வது வீட்டுக்குள் மட்டுமா?

1970-களில் கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க நகரமைப்பு அறிஞர், யுனெஸ்கோ ஆதரவோடு ஒரு வேலையைச் செய்தார். அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து ஆகிய நான்கு நாடுகளில் பதின்வயதை எட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் அவர்கள் வாழும் இடத்தை வரைந்து காட்டச் சொல்லி, நாள் முழுக்க எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கேட்டறியும் ஆய்வு அது. 1977-இல் புத்தகமாக வந்தது. மெல்பர்ன் நகரின் மேற்குப் புறநகரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு இருந்தது, தோட்டம் இருந்தது, பரந்த திடல்கள் இருந்தன. அந்தப் பிள்ளைகள்தான் சலிப்பைப் பற்றிப் பேசினார்கள். திடல் இருந்தும் அங்கே செய்ய ஒன்றுமில்லை. அர்ஜென்டினாவின் சால்டா நகர ஓரத்தில் லாஸ் ரோசாஸ் என்ற எளிய குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகளோ தங்கள் இடத்தை நேசித்தார்கள். மரம் இருந்தது, எல்லோரும் கூடும் சதுக்கம் இருந்தது, ஒருவரையொருவர் தெரிந்திருந்தது. இருபது ஆண்டு கழித்து வேறு ஆய்வாளர்கள் இதே முறையைப் பெங்களூரின் சத்யாநகரில் பின்பற்றினார்கள். குடிநீரும் கழிவறையும் சரியாக இல்லாத அந்தக் குடிசைப் பகுதியின் பிள்ளைகள், வசதியான நாடுகளின் பிள்ளைகளைவிடத் தங்கள் தெருவை அதிகம் விரும்பினார்கள்.

இதைப் படித்துவிட்டுக் குடிசையே நல்லது என்று முடிவுகட்டினால் அது கொடுமை. தண்ணீரும் கழிவறையும் குழந்தையின் உரிமை. அந்த ஆய்வு சொல்வது இன்னொன்று: வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பதும் வீட்டின் பகுதியே. தெரு முனை, திண்ணை, கடை, கோயில் வாசல், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பெரியவர்கள். இடம் பெயர்க்கும்போது லாரியில் ஏற்ற முடியாமல் விட்டுவருவது இவற்றைத்தான்.

புறநகருக்கு வந்த தாயின் கணக்கு முதலில் நேரக் கணக்கு. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள், முன்பு நடந்தே போனாள். நடுவில் ஒருமுறை வீட்டுக்கு வந்து சோறு வடித்துவிட்டு, குழந்தைக்கு ஊட்டிவிட்டு, மறுபடியும் போவாள். 20 கிலோமீட்டர் தள்ளி வந்த பிறகு அந்த நடுப்பகல் வருகை நின்றுபோனது. விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகு திரும்புகிறாள். சம்பளம் பழையதுதான், அதில் ஒரு பங்கு பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போனது. 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற ஆணை வந்தபோது, நகர மையத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு சலுகை. பெரும்பாக்கத்துப் பெண்ணுக்கு மாதச் செலவில் ஒரு கனமான வரியே அடிபட்டுப்போனது. ஆனாலும் பஸ்ஸில் கழிகிற மணிநேரத்தை எந்த ஆணையும் திருப்பித் தரவில்லை.

பலர் பழைய வேலையை விட்டுவிட்டு, பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்து மென்பொருள் நிறுவனங்களில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கும், புதிய அபார்ட்மென்ட்களில் சமையல் வேலைக்கும் மாறினார்கள். அந்தச் சாலை வளர்ந்த வேகத்தில் இவர்கள் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. வேலை பக்கத்தில் கிடைத்த வீட்டில் பிள்ளைகளின் படிப்பு நிலைத்தது. கிடைக்காத வீட்டில், தங்கையைப் பார்த்துக்கொள்ள அக்காள் பள்ளியை விட்டாள்.

பிள்ளைகளுக்கு விழுந்த பெரிய அடி, குடியேற்றம் நடந்த காலம். கல்வியாண்டின் நடுவில், சில சமயம் அரையாண்டுத் தேர்வை ஒட்டியே, குடும்பங்கள் அகற்றப்பட்டன. பத்தாம் வகுப்புப் பிள்ளை பழைய பள்ளிக்கே போய்வர நினைத்தால் இரண்டு பஸ் மாற வேண்டும். புதிய பள்ளியில் சேர நினைத்தால் மாற்றுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். சேர்ந்தாலும் பெஞ்சில் இடமில்லை. சிறு பிள்ளைகளின் நிலை இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலைச் சிற்றுண்டித் திட்டம், விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிற தாய்மார்களுக்காகவே வந்ததுபோல் அமைந்துவிட்டது. உப்புமாவோ பொங்கலோ, பிள்ளை பசியோடு வகுப்பில் உட்காராது என்ற நம்பிக்கையோடு அவள் பஸ் ஏறுகிறாள்.

உயரம் இன்னொரு சிக்கல். குடிசையில் சோறு கிளறிக்கொண்டே வாசலில் விளையாடும் குழந்தையைப் பார்க்கலாம். மூன்று மாடிக் கட்டடத்தில் ஜன்னலில் நின்று பெயர் சொல்லிக் கத்தினால் கேட்கும். எட்டாவது மாடியிலிருந்து கீழே ஓடும் ஐந்து வயதுக் குழந்தை, தாய்க்கு அடையாளம் தெரியாத ஒரு புள்ளி. அதனால் ஒன்று குழந்தை வீட்டுக்குள்ளேயே அடைந்து டிவி பார்க்கும், அல்லது யார் கண்ணிலும் படாமல் கீழே திரியும். மின்சாரம் போனால் லிப்டும் நிற்கும், மோட்டாரும் நிற்கும். கர்ப்பிணியும் மூட்டுவலிக்காரப் பாட்டியும் குடத்தோடு படியேறுவார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் மழைக்காலத்தில் மின்தடை வராமல் இருப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தென்சென்னைப் புறநகரை மூழ்கடித்தபோது மேல் மாடிகளில் இருந்தவர்களுக்கு வெள்ளம் வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் இறங்கவும் வழியில்லை.

ஏழைகளை உயரத்தில் குடியேற்றிய அனுபவம் வேறு இடத்திலும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1954-இல் ஏழைகளுக்காகத் திறந்த ப்ரூயிட் ஐகோ குடியிருப்பில் 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. இருபது ஆண்டுகூட ஆகுமுன், 1972-இல் அரசே அவற்றை இடிக்கத் தொடங்கியது. அந்தச் சீரழிவுக்கு வறுமை, பராமரிப்புக்குப் பணமின்மை, இனப் பாகுபாடு என்று பல காரணங்கள். ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் அங்கே நேரில் கவனித்த ஒன்று இங்கேயும் பொருந்தும். இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட படிக்கட்டு முகப்பு சுத்தமாக இருந்தது. இருபது குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட நடைபாதை குப்பையும் பயமுமாகக் கிடந்தது. மனிதர்கள் அவர்களேதான்; நமது என்று எத்தனை பேர் உணர முடியும் என்பதில்தான் வித்தியாசம். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் சில பிளாக்குகளின் வராண்டாவில் மாலையில் கோலமும் துளசித் தொட்டியும் பாய் விரித்துப் பூ கட்டும் பெண்களும் இருக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் பயமின்றி ஓடுகிறார்கள். அடுத்த பிளாக்கின் படிக்கட்டில் பல்பு கழற்றப்பட்டிருக்கும். இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளை அந்த வழியாக அனுப்பமாட்டார்கள். முதல் பிளாக்கில் பெரும்பாலும் ஒரே தெருவிலிருந்து வந்த குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கும். வீடு ஒதுக்கும் குலுக்கல் முறை அவர்களைத் தற்செயலாகச் சேர்த்துவிட்டது அல்லது அவர்களாகவே மாற்றிக்கொண்டு சேர்ந்தார்கள்.

வளர்ந்த பிள்ளைகள் சுமக்கும் பாரம் முகவரி. வேலைக்கான விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்று எழுதத் தயங்கி, துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதிய இளைஞர்கள் பலர். சம்பவம் எங்கே நடந்தாலும் விசாரிக்க முதலில் இங்கே வருவார்கள் என்ற கசப்பு வீடுதோறும் உண்டு. தன் மகனுக்கு மீசை அரும்பும்போது சந்தோஷப்படுவதற்கு முன் பயப்படுகிற தாய்மார்களை இந்தக் குடியிருப்புகளில் சந்திக்கலாம். ஒரு நகரம் தன் ஏழைகளை ஒரே மூலையில் குவித்துவிட்டு, பிறகு அந்த மூலையைப் பார்த்தே முகம் சுளிப்பது பெரிய அநீதி.

இந்த முகவரியை மாற்றியவர்களும் இங்கேயே பிறந்தார்கள். 2020 வாக்கில் கண்ணகி நகரின் சுவர்களில் பிரம்மாண்ட ஓவியங்கள் வந்தன. நகரின் மற்ற பகுதிகளிலிருந்து முதன்முறையாக மக்கள் பார்ப்பதற்கென்றே இங்கே வந்தார்கள். அதைவிடப் பெரிய மாற்றத்தைக் கபடித் திடல் செய்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகாவை நாடே கண்ணகி நகர் கார்த்திகா என்றே அழைத்தது. பல ஆண்டுகளாக விண்ணப்பங்களில் மறைக்கப்பட்ட அந்தப் பெயர் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் வந்தது. கொஞ்சம் சமதளமான மண், விடாமல் வந்து நிற்கும் பயிற்சியாளர், பிள்ளையை மாலையில் திடலுக்கு அனுப்பச் சம்மதிக்கும் பெற்றோர் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடியதால் நடந்தது அது.

2000-இல் கைக்குழந்தையாக வந்தவர்களுக்கு இன்று இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. அவர்களில் பலர் தாங்களே பெற்றோர். அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு ஊர் என்றால் இன்றும் சைதாப்பேட்டையோ சிந்தாதிரிப்பேட்டையோதான். இவர்களுக்கு ஊர் கண்ணகி நகர். நட்பு, காதல், சண்டை, கோயில் திருவிழா எல்லாம் இந்தச் சுவர்களுக்கு நடுவே நடந்திருக்கிறது. வேறு எங்கும் போக அவர்கள் கேட்கவில்லை. இருக்கிற இடத்தில் மருத்துவமனையும் மேல்நிலைப் பள்ளியும் விளையாட்டுத் திடலும் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒரு தலைமுறை முழுவதும் உழைத்து, யாரோ வரைந்த வரைபடத்தை அக்கம்பக்கமாக மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தலைமுறை கொடுத்த விலையை அடுத்த குடியிருப்பில் இன்னொரு தலைமுறையும் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை.

குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. வாழ்விடம் என்று பெயர் வைத்தபின், சாவி கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. முதல் வழி, குடிசை இருக்கும் இடத்திலேயோ அதற்கு அருகிலேயோ கட்டுவது. அது முடியாத இடங்களில் செய்யவேண்டியவை பெரும்பாலும் சிறிய நிர்வாக ஆணைகள். குடியேற்றத்தை ஆண்டுத் தேர்வு முடிந்து, ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் நடத்தலாம். முதல் குடும்பம் வருவதற்கு முன்பே பால்வாடியைத் திறந்து, ஆயாவை நியமிக்கலாம். பழைய வேலை இருக்கும் பகுதிக்கு விடியற்காலைப் பஸ் ஒன்றை முதல் நாளிலிருந்தே விடலாம். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கும் முதியவர்களுக்கும் கீழ் மாடிகளை ஒதுக்கலாம். ஒரு தெருவில் வாழ்ந்தவர்களைக் குலுக்கலில் சிதறடிக்காமல், பட்டியலைத் தெருவாரியாகத் தயாரித்து ஒரே பிளாக்கில், ஒரே வராண்டாவில் வீடு தரலாம். அப்போது கைக்குழந்தையை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு அந்தத் தாய் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவாள்.