களத்தில் நிற்பவரை நம்புங்கள்

1962 அக்டோபர். கிழக்கு இமயத்தில் நாம்கா சூ என்னும் ஆற்றங்கரையில் இந்தியாவின் 7ஆவது பிரிகேட் நின்றது. மேலே தாக்லா முகட்டில் சீனப் படை. கீழே பள்ளத்தில் நம் வீரர்கள். பலருக்குக் குளிர் தாங்கும் உடை இல்லை. தோட்டாக்களும் போதவில்லை. பின்னாலுள்ள வலுவான இடத்துக்கு நகர வேண்டும் என்று அதன் தளபதி பிரிகேடியர் ஜான் தால்வி மன்றாடினார். ஆனால் எந்தக் காவல் முனை எங்கே இருப்பது என்பதைக்கூட டெல்லிதான் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்தது. ஆட்சேபித்த மேல்நிலைத் தளபதி உம்ராவ் சிங்கிடமிருந்து அந்தப் பகுதியின் பொறுப்பு பறிக்கப்பட்டது. புதிதாக 4ஆவது கோர் என்னும் பெரும் படைப்பிரிவை உருவாக்கித் தளபதி பி.எம். கவுலிடம் ஒப்படைத்தார்கள். மலையில் நோயுற்று டெல்லி திரும்பிய அவர், படுக்கையில் இருந்தபடியே உத்தரவிட்டார். 20ஆம் தேதி விடியலில் சீனர் தாக்கினர். சில மணி நேரத்தில் பிரிகேட் சிதைந்தது. இரண்டு நாளில் தால்வி சிறைப்பட்டார்.

சாலை போடுவதும், உடையும் தோட்டாவும் அனுப்புவதும் டெல்லியின் வேலை. அதை முடிக்காமல், களத்தில் இருந்தவரின் வேலையை டெல்லி செய்துகொண்டிருந்தது. பிறர் வேலையில் மூழ்கும் தலைவரின் சொந்த வேலை கிடப்பில் கிடக்கும். அதற்கான விலையை ஏழைச் சிப்பாய் உயிரால் கொடுத்தான்.

அதே 4ஆவது கோர், 1971 டிசம்பரில் வங்கதேச விடுதலைப் போரில் தளபதி சகத் சிங்கின் தலைமையில் மேக்னா நதியை எட்டியது. அசுகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்திருந்தது. சகத் சிங் மேலிடத்தின் கட்டளைக்காகக் காத்திருக்கவில்லை. ஹெலிகாப்டர்களில் வீரர்களை அக்கரை சேர்த்தார். டாக்காவுக்கு வழி திறந்தது. 16ஆம் தேதி பாகிஸ்தான் படை சரணடைந்தது.

தொழில் நடத்துபவர்களே, மேலாளர்களே, இந்த இரண்டில் உங்கள் நிறுவனம் எது? ஐந்நூறு ரூபாய் உதிரிப் பாகம் வாங்கவும் உங்கள் கையெழுத்துக்காக மெஷின் நிற்கிறதா? வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பவும் உங்களைக் கேட்க வேண்டுமா? அப்படியானால் உங்கள் ஆட்கள் யோசிப்பதை நிறுத்தியிருப்பார்கள். "சார் சொல்லட்டும்" என்பதே அங்கே சட்டமாகியிருக்கும். திறமையானவர் வேறு வேலை தேடுவார். தங்குபவர் கெட்ட செய்தியை உங்களிடம் மறைப்பார். மறைத்த செய்திதான் நாளை நஷ்டமாக வரும்.

கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. என்ன நடக்க வேண்டும், ஏன் நடக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். எவ்வளவு செலவு வரை களத்தில் நிற்பவரே தீர்மானிக்கலாம் என்று எல்லை வகுத்துக் கொடுங்கள். தேவையான கருவியும் பணமும் குறித்த நேரத்தில் சேரட்டும். எப்படிச் செய்வது என்பதை அவரிடம் விடுங்கள். விளைவுக்குக் கணக்குக் கேளுங்கள். டொயோட்டா ஆலைகளில் கோளாறு கண்ட சாதாரணத் தொழிலாளியே உற்பத்தி வரிசையை நிறுத்தலாம். அந்த உரிமையால் அந்த நிறுவனத்தின் தரம் வளர்ந்ததே தவிர, ஒழுங்கு கெடவில்லை.

நம்பாதவரை வேலைக்கு வைக்காதீர்கள்; வைத்தவரை நம்பாமல் இருக்காதீர்கள். உங்கள் மேசையில் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் சிறு முடிவுகளை இன்றே பிரித்துப் பாருங்கள். களத்தில் நிற்பவருக்கு உரியவற்றை இன்றே அவர் கையில் கொடுங்கள். நாளை என்று தள்ளாதீர்கள்.