அலகு தாங்கிய உடம்பு ஓர் ஊசிக்கு அஞ்சுமா?

தூங்கி எழும்போதே களைப்பு. எத்தனை மாதமாக?

"வேலை அதிகம்" என்கிறாய். "வெயில்" என்கிறாய். "நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறாய்.

மூட்டு வலிக்கிறது. சோற்றைக் கண்டால் பிடிக்கவில்லை. தோல் அரிக்கிறது, களிம்பு வாங்கித் தடவிக்கொள்கிறாய். சொல்ல வந்தது பாதிப் பேச்சில் மறந்துபோகிறது. சிறுநீர் கறுத்துப் போனபோதும் "தண்ணீர் குடிக்கவில்லை, அதான்" என்று ஒரு சமாதானம்!

உனக்கு நீயே இன்னும் எத்தனை சமாதானம் சொல்லப்போகிறாய்?

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிறாய். நிலையத்தை ஒட்டியே ஒரு மருத்துவமனை நிற்கிறது. சுற்றிலும் மருந்தகங்கள். கொஞ்ச தூரத்தில் டான் டோக் செங் மருத்துவமனை. இத்தனையையும் தாண்டித் தாண்டி வீட்டுக்குப் போகிறாயே, ஒருநாள் உள்ளே நுழைந்தால் என்ன?

நேரமில்லையா? சிராங்கூன் சாலையில் ஒரு பவுன் நகைக்கு நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரிக்க நேரமிருக்கிறதே!

ஊசிக்குப் பயமா?

நம்பமாட்டேன்! தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலில் நாக்கிலும் முதுகிலும் அலகு குத்திக்கொண்டு, டேங்க் ரோடு முருகன் சந்நிதி வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் காவடி சுமந்து நடக்கிற கூட்டம் நாம். நீயே சுமந்திருப்பாய். இல்லையென்றால் உன் அண்ணன் சுமந்திருப்பான், நீ பக்கத்தில் பால்குடத்தோடு நடந்திருப்பாய். அந்த உடம்பா ஒரு சின்னக் குப்பி ரத்தம் கொடுக்க நடுங்கும்?

உன் பயம் ஊசிக்கு இல்லை. விடைக்கு!

"ஹெப்படைட்டிஸ் சி இருக்கிறது" என்று தாளில் அச்சாகி வந்துவிடுமோ என்ற பயம். வந்தால் மனைவியிடம் எப்படிச் சொல்வது, முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆவது, பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது யார் வாயில் விழுவது என்ற பயம்.

பயப்படு. அது தப்பில்லை. பயந்துகொண்டே போ!

நீ பார்க்க மறுத்தால் கிருமி ஊரைவிட்டுப் போய்விடுமா? அது ரத்தத்தில்தான் இருக்கும். கல்லீரலைத்தான் தின்னும். சத்தமே போடாது. தொற்றியவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே அகன்றுவிடுகிறது. மற்றவர்களிடம் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியவர்களில் 100-க்கு 15 முதல் 30 பேருக்கு இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருங்கி இறுகிப்போகிறது. சிலருக்கு அங்கேயே புற்றுநோயும் வருகிறது.

இருபது ஆண்டு! 2005-இல் தொற்றியது 2025-இல் வயிறு வீங்கி, கால் வீங்கி வந்து நிற்கும். அன்றைக்கு "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே டாக்டர்" என்று யாரிடம் அழுவாய்?

"களைப்பு எல்லாருக்கும்தானே இருக்கிறது?" என்கிறாயா? இருக்கிறது. உன் களைப்புக்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், சரியான உறக்கமில்லாததாகவும் இருக்கலாம். இன்னொன்றும் கேள்: இந்தக் கிருமியைச் சுமக்கும் பலருக்குக் களைப்புகூட இருப்பதில்லை. அறிகுறியை வைத்து நீயும் நானும் சொல்ல முடியாது. சோதனைதான் சொல்லும்.

"வேலை அனுமதிக்கு மெடிக்கல் எடுத்தேன், பாஸ் ஆகிவிட்டேன்" என்கிறாயா தம்பி? அதில் என்ன பார்த்தார்கள்? காசநோய், எச்ஐவி, சிபிலிஸ், மலேரியா. ஹெப்படைட்டிஸ் சி அந்தப் பட்டியலிலேயே இல்லை! எழுதாத பரீட்சையில் பாஸ் ஆனேன் என்கிறாயே!

"கல்லீரல் சோதனை நார்மல் என்றார்கள்" என்கிறீர்களா அக்கா? நார்மலாகவே இருக்கும், கிருமியும் கூடவே இருக்கும். இதற்கென்று தனிச் சோதனை இருக்கிறது. கேட்டு எடுக்க வேண்டும்.

யார் எடுக்க வேண்டும்? தான ரத்தத்தில் இந்தக் கிருமியைச் சோதிக்காத காலத்தில் பிரசவத்திலோ அறுவையிலோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். சிறுநீரகத்துக்காக டயாலிசிஸ் செய்பவர்கள். ஒரே ஊசியைக் கொதிக்க வைத்து ஊருக்கே போட்ட காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். திருவிழாக் கூட்டத்தில் பச்சை குத்திக்கொண்டவர்கள். போதை ஊசியைப் பகிர்ந்தவர்கள், ஒரே ஒருமுறை என்றாலும். இதில் எங்காவது நீ இருக்கிறாயா? இருந்தால் என்ன யோசனை?

இந்தச் சோதனைக்கு வழிசெய்த ஒரு மனிதரைப் பற்றி இப்போது சொல்கிறேன்.

சூ குய் லிம். இந்தச் சிங்கப்பூரில் பிறந்தவர். லண்டனில் படித்துவிட்டுக் கலிபோர்னியாவில் கைரான் என்ற நிறுவனத்தில் ஆய்வாளர் மைக்கேல் ஹாட்டனோடு சேர்ந்தார். அப்போது இந்த நோய்க்குப் பெயர்கூடக் கிடையாது. 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் மஞ்சள் காமாலையோடு திரும்பி வந்தார்கள். கிருமியை எவரும் கண்டதில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கவும் முடியவில்லை.

தேடினார்கள். 1982-இல் தொடங்கிய தேடல். முயன்ற வழி ஒவ்வொன்றும் தோற்றது. ஓர் ஆண்டு தோற்றது. மூன்று ஆண்டு தோற்றது. ஐந்து ஆண்டும் தோற்றது! மேலதிகாரிகள் முகம் சுளிக்க மாட்டார்களா? கூட வேலை பார்ப்பவன் சிரிக்க மாட்டானா? லட்சக்கணக்கான மரபணுத் துண்டுகளைச் சலித்தார்கள். கடைசியில் சிக்கியது ஒரே ஒரு துண்டு. அதைப் பிடித்துக்கொண்டு இழுத்ததில் முழுக் கிருமியும் வெளியே வந்தது. 1989-இல் உலகுக்குச் சொன்னார்கள். ஹாட்டன், சூ, ஜார்ஜ் குவோ.

2020-இல் இதற்கு நோபல் கிடைத்தது. ஹாட்டனுக்கும் வேறு இருவருக்கும். சூவின் பெயர் அதில் இல்லை. 2013-இலேயே இன்னொரு பெரிய பரிசை, சூவையும் குவோவையும் சேர்க்கவில்லை என்பதற்காக ஹாட்டன் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மனிதர்!

தோல்வியைத் தின்று ஏழு ஆண்டில் அவர்கள் கண்டுபிடித்த கிருமியிலிருந்து வந்ததுதான் இந்தச் சோதனை. இந்த மண்ணில் பிறந்தவர் ஒருவரின் உழைப்பும் அதில் இருக்கிறது. உன்னால் ஏழு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்ட முடியாதா?

முதல் சோதனை, கிருமி எப்போதாவது உள்ளே வந்ததா என்று சொல்லும். இரண்டாவது, இப்போதும் இருக்கிறதா என்று சொல்லும். முதலாவது 'ஆம்' என்று வந்ததும் இடிந்துபோய் உட்கார்ந்துவிடாதே! இரண்டாவதையும் எடு.

இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

"அப்போ வாழ்க்கை முடிந்தது!" என்கிறாய். யார் சொன்னது? ஊரில் மாமா ஒருவர் 2005-இல் ஊசி போட்டுக்கொண்டு பட்ட பாடா? தெரியும். வாராவாரம் இன்டர்ஃபெரான் ஊசி, சிலருக்கு 48 வாரம். காய்ச்சல், ரத்தச்சோகை, முடி கொட்டல், மனச்சோர்வு. அவ்வளவும் பட்டபின் பாதிப் பேருக்குக் குணமாகாமலும் போனது. அந்தக் காலம் போய்விட்டது!

இன்று மாத்திரை. பெரும்பாலும் 12 வாரம், சில மருந்துக்கு 8 வாரம். 100 பேரில் 95-க்கு மேற்பட்டவர்களுக்கு முழுக் குணம். அடக்கி வைப்பதில்லை, குணம்! மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ரத்தத்தில் கிருமி இல்லையென்றால் நீ தேறிவிட்டாய். நீரிழிவுக்கு இப்படி ஒரு மாத்திரை இருக்கிறதா? ரத்தக்கொதிப்புக்கு இருக்கிறதா? ஆயுளுக்கும் விழுங்குகிறோமே! மூன்றே மாதத்தில் வேரோடு போகிற நாட்பட்ட நோய் எத்தனை இருக்கிறது? அதைப் போய்ச் சுமந்துகொண்டு திரிகிறாயே!

"காசு?"

கேட்க வேண்டிய கேள்விதான். 2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் என்ற மருந்து அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். 84 மாத்திரைக்கு 84,000 டாலர். அந்தக் கதையைக் கேட்டுத்தான் பலர் இன்னும் பயந்து கிடக்கிறார்கள். மறுவருடமே இந்திய நிறுவனங்களுக்கு அதைத் தயாரிக்க உரிமம் கிடைத்தது. விலை சரிந்தது. 2018 ஜூலை 28 முதல் இந்திய அரசின் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். எகிப்தைப் பார்! உலகிலேயே இந்தக் கிருமியால் மிகவும் அடிபட்ட நாடுகளில் ஒன்று. 2018-இல் தொடங்கி ஓராண்டுக்குள் ஏறக்குறைய 5 கோடிப் பேரைச் சோதித்தது. பணக்கார நாடா அது? ஒரு தேசமே எழுந்து வரிசையில் நின்றது. நீ ஒருவன் எழுந்து வர மாட்டாயா?

இங்கே எவ்வளவு ஆகும்? என்னைக் கேட்காதே. அரசு மருத்துவமனையில் மருத்துவ சமூக சேவையாளர் என்று ஒருவர் இருக்கிறார். மானியம் உண்டா, உதவி நிதி உண்டா, மெடிசேவ் செல்லுமா என்று அவரிடம் கேள். வாயைத் திறந்து கேள்! கேட்காமலே "என்னால் முடியாது" என்று முடிவெடுக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

"ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாயா? சரி, எந்தத் தேதி? டிக்கெட் எங்கே? தேதியில்லாத பயணம் சாக்கு!

"கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறேன்." வந்துவிட்டாயா அங்கே? காமாலைக்குக் கீழாநெல்லி என்று பாட்டி சொன்னதை நான் பழிக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தியாகராஜன் குழு அதை ஆய்ந்து 1988-இல் லான்செட் இதழிலேயே எழுதியது. ஆனால் அது ஹெப்படைட்டிஸ் பி. பிற இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. சி-யை அது அகற்றும் என்பதற்குச் சான்றில்லை. நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதே. சில மூலிகைகள் இந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும்.

கடைசியாக ஒன்று உனக்குள் உட்கார்ந்திருக்கிறது. வெட்கம்.

"என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

2015-ஐ நினைத்துப் பார். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் 25 நோயாளிகளுக்கு இந்தக் கிருமி தொற்றியது. அவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். ஏழு பேரின் மரணத்தில் தொற்றுக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்றார்கள். தொற்றுத் தடுப்பு நடைமுறையில் ஓட்டைகள் இருந்ததை அந்த ஆண்டு டிசம்பரில் விசாரணைக் குழு எடுத்துச் சொன்னது. அந்த 25 பேரும் செய்த பாவம் என்ன? சிகிச்சைக்குப் போய்ப் படுத்தார்கள். அவ்வளவுதானே?

கிருமிக்கு ரத்தம் போதும். உன் ஒழுக்கத்தை அது விசாரிப்பதில்லை. ஊசியைப் பகிர்ந்துதான் உனக்கு வந்தது என்றாலும் அதே மாத்திரைதான், அதே குணம்தான். தலையை நிமிர்த்து!

சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது. கட்டிப்பிடித்தால் தொற்றாது. உன் பேரப்பிள்ளையை மடியில் வை, முத்தம் கொடு. சவர பிளேடையும் பல் துலக்கியையும் மட்டும் தனியாக வைத்துக்கொள். முடி வெட்டும் கடையில் "புது பிளேடு போடுங்கண்ணே" என்று சொல்ல எதற்குக் கூச்சம்?

குடியா? நிறுத்து. இதில் நான் பேரம் பேசத் தயாராக இல்லை. கிருமி ஒரு பக்கம் தின்ன, நீ மறுபக்கம் ஊற்றுகிறாய்!

சரி, மருந்து தொடங்கப்போகிறாய். அதற்கு முன் ஹெப்படைட்டிஸ் பி சோதனையும் செய்யச் சொல்வார்கள், செய். சி போகிற நேரத்தில் பதுங்கியிருக்கும் பி தலைதூக்கக்கூடும். இதயத்துக்கு என்ன மாத்திரை எடுக்கிறாய், வயிற்றெரிச்சலுக்கு என்ன எடுக்கிறாய், ஒன்று விடாமல் சொல். நாலாவது வாரத்தில் உடம்பு தேறியதுபோல் இருக்கும். "போதும்" என்று தோன்றும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்! கடைசி மாத்திரைவரை விழுங்கு. ஊருக்கு ஓடினாலும் பையில் எண்ணி எடுத்துக்கொண்டு ஓடு.

கல்லீரல் ஏற்கெனவே இறுகியிருந்தால், குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். சலிப்பாகத்தான் இருக்கும். போ! ஒருமுறை குணமாகிவிட்டால் இனி வராது என்றும் இல்லை, மறுபடி தொற்றும். இதற்கு இன்னும் தடுப்பூசியும் கிடையாது.

அடுத்த விடுமுறை என்றைக்கு? ஞாயிறென்றால் பல மருந்தகம் மூடியிருக்கும். ஒருநாள் லீவு கேள். அரைநாளாவது கேள். உள்ளே போனதும் சுற்றி வளைக்காதே. "ஹெப்படைட்டிஸ் சி சோதனை எடுக்கணும் டாக்டர், ரொம்ப நாளா களைப்பா இருக்கு" என்று சொல். அவர் "எதற்கு?" என்று கேட்டால், எந்த ஊரில், எந்த ஆண்டு, எந்த ஊசி என்று நினைவில் இருப்பதையெல்லாம் கொட்டு. பிறகு சட்டைக் கையை மடித்துவிடு!