ஏந்தும் கையும் இறைவனுக்கே

ஏகாதசி காலை. பூஜையறை வாயிலில் பக்தை ஒருவர் அமர்ந்திருக்கிறார். பல ஆண்டுகளாக விடாது காத்துவந்த உபவாசத்தை மருத்துவர் தடுத்துவிட்டார். அபிஷேக இளநீரும் கூடாது. அதில் பொட்டாசியம் மிகுதி. பருகும் நீருக்கும் அளவு உண்டு. வாரத்தில் மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ‘சமைக்கவும் இயலவில்லை, பூஜை செய்யவும் இயலவில்லை, இனி யாருக்குப் பயன்படப்போகிறேன்?’ என்று அவரது உள்ளம் கலங்குகிறது.

நாட்பட்ட சிறுநீரக நோய் உடலை மட்டும் வாட்டுவதில்லை. கொடுப்பதிலேயே நிறைவு கண்டவரை அது பெறுபவராக மாற்றிவிடுகிறது. நம் நாட்டில் உறவினருக்குச் சிறுநீரகம் ஈவோரில் பெரும்பாலோர் பெண்கள். மாற்றுச் சிறுநீரகம் பெறுவோரிலோ அவர்கள் சிறுபான்மையினரே. 2018-இல் உலகச் சிறுநீரக தினமும் சர்வதேச மகளிர் தினமும் மார்ச் 8 அன்று ஒருங்கே வந்தன. பெண்களின் நலமே அவ்வாண்டின் கருப்பொருளாயிற்று.

இந்நிலையில் ஆன்மிகம் தரும் ஆறுதல் யாது? ‘எல்லாம் முன்வினை’ என்று கூறி அவரை வாய்மூடச் செய்வது ஆன்மிகம் அன்று. சிகிச்சையைக் கைவிடுவது பக்தியும் அன்று. வேதாந்தம் சாதகனுக்கு விதிக்கும் ஆறு செல்வங்களுள் ஒன்று திதிட்சை, அதாவது பொறுமையுடன் தாங்குதல். மருந்தை மறுப்பது இங்கு அதன் பொருளாகாது. சிகிச்சையை ஏற்ற பின்னும் எஞ்சி நிற்கும் தாகத்தையும் களைப்பையும் புலம்பலின்றித் தாங்குவதே இவருக்குரிய திதிட்சை. மருத்துவர் வகுத்த உணவு நெறியே இவருடைய விரதம். இயந்திரத்தின் அருகே கழியும் நான்கு மணி நேரமும் ஜபத்திற்கு உரியதாகலாம். மனம் ஜபத்தில் நிலைக்காத நாளில், கண்ணீரையே இறைவனிடம் சமர்ப்பிக்கலாம். அவனிடம் மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை.

பெறுவது இழிவா? ஸ்ரீராமகிருஷ்ணர் 1886-இல் காசிப்பூர் தோட்ட இல்லத்தில் தொண்டைப் புற்றுநோயால் நலிந்திருந்தபோது, இளம் சீடர்களின் சேவையை ஏற்றார். அந்தச் சேவையே அவர்களை ஒரு குடும்பமாகப் பிணைத்தது. பெறுபவர் இல்லையேல் சேவை செய்பவருக்குச் சாதனை ஏது? நோயுற்ற தாய் தன் இல்லத்தாருக்கு அந்த வாய்ப்பை அளிக்கிறார். அவர் சுமை அல்லர்.

இல்லத்தாருக்கும் இதில் கடமை உண்டு. அவருக்கு உபதேசம் செய்யுமுன், டயாலிசிஸுக்குத் துணையாகச் செல்லட்டும். அவர் பேசும்போது பொறுமையாகக் கேட்கட்டும். அன்று பூஜை முடிந்ததும் மருமகள் உத்தரணியில் ஒரு துளி தீர்த்தம் எடுத்து வருகிறாள். இத்தனை காலம் பிறருக்கு வழங்கிய கை அதை ஏந்துகிறது. ஒரு துளியாயினும் அது முழுமையான பிரசாதமே.