நம்பிக்கையும் நப்பாசையும்

தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லிடம் மூன்று வேலைகள் வாங்கிக்கொண்டிருக்கிறோம். 'நாளை மழை வரும் என்று நம்புகிறேன்' என்பது ஒரு கணிப்பு. 'அவனை நம்புகிறேன்' என்பது ஒரு மனிதன்மேல் வைக்கிற பாரம். 'நம்பிக்கையோடு இருக்கிறேன்' என்பதில் கணிப்பும் இல்லை, பாரமும் இல்லை. ஒன்று நடக்கவேண்டும் என்று விரும்பியபடி காத்திருக்கும் நிலை மட்டும் இருக்கிறது. இந்த மூன்றாவது, ஆதாரமில்லாமல் நீடிக்கும்போது அதற்கு நப்பாசை என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பெயரைப் பெரும்பாலும் பிறருக்குத்தான் சூட்டுகிறோம். தன்னுடையது நம்பிக்கை, அடுத்தவனுடையது நப்பாசை.

ஆதாரம் இடம் கொடுப்பதற்கு மேல் நம்புவது தவறா என்பது பழைய கேள்வி. இந்த மூன்றையும் பிரித்துக்கொள்ளாமல் அதற்குப் பதில் தேட முடியாது என்று இப்போது நினைக்கிறேன். என்னை இப்படி நினைக்கவைத்தது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களின் வாக்குவாதம். விஷயம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சொந்த லாபம் ஒன்றுமில்லாத இடத்தில்தான் மனிதர்கள் எப்படி நம்புகிறார்கள் என்பது கலப்படமில்லாமல் தெரியவருகிறது.

கல்லூரியில் என்னோடு ஆங்கில இலக்கியம் படித்த நண்பன் ஒருவன் பல வருஷங்களாக இண்டியானா மாநிலத்தில் இருக்கிறான். வெஸ்ட் லஃபாயெட்டிலுள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்குப் போனவன். படிப்பு முடிந்து வேலைக்கும் வந்துவிட்டான். அந்த அணி மட்டும் அவனை விடவில்லை. மார்ச் மாதம் வந்தால் அவனோடு வேறெதுவும் பேச முடியாது. மார்ச் மத்தியில் ஆண்களுக்கான தேசியப் போட்டி தொடங்கும். 68 அணிகள். ஒரு தோல்வியோடு வீடு திரும்பவேண்டியதுதான். நான்கு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை இடம் தருவார்கள். 1-ஆம் இடத்து அணி முதலில் 16-ஆம் இடத்து அணியைச் சந்திக்கும். இது பெரும்பாலும் ஒரு சடங்கு.

பர்டியூவுக்கு மட்டும் சடங்குகள் ஒழுங்காக நடப்பதில்லை. 2021-ல் 13-ஆம் இடத்து நார்த் டெக்ஸஸிடம் தோற்றது. 2022-ல் 15-ஆம் இடத்து செயின்ட் பீட்டர்ஸிடம். 2023-ல் 1-ஆம் இடத்தில் இருந்துகொண்டு, 16-ஆம் இடத்து ஃபேர்லி டிக்கின்ஸனிடம் 63-58 என்று தோற்றது. 1985-ல் போட்டி 64 அணிகளுக்கு விரிந்த பிறகு, ஆண்கள் போட்டியில் இப்படி நடந்தது அது இரண்டாவது முறை. முதல் முறை 2018-ல் வர்ஜினியாவுக்கு நேர்ந்தது. ஃபேர்லி டிக்கின்ஸன் முதல் பிரிவு அணிகளிலேயே உயரம் குறைந்தது. பர்டியூவின் நடு ஆட்டக்காரர் ஸாக் ஈடி 7 அடி 4 அங்குலம்.

மறு வருஷம் அதே பயிற்சியாளர் மாட் பெயின்டர், அதே ஈடி. அணி இறுதியாட்டம் வரை போயிற்று. அதற்கு முன் பர்டியூ இறுதிக்குப் போனது 1969-ல். அப்போது யு.சி.எல்.ஏ.விடம் தோற்றது, யு.சி.எல்.ஏ.வின் பயிற்சியாளர் ஜான் வுடன், ஒரு காலத்தில் பர்டியூவுக்கே ஆடியவர். 2024 ஏப்ரல் 8-ஆம் தேதி அரிசோனாவில் எதிரே நின்றது முந்தின வருஷ சாம்பியன் கனெக்டிகட். கனெக்டிகட்டுக்கே வாய்ப்பு அதிகம் என்பது பொதுவான அபிப்பிராயம்.

இத்தகைய ஆட்டத்துக்கு முன் ரசிகர்களிடையே எழும் குரல்கள் மூன்று. முதலாமவன், இந்த முறை நிச்சயம் என்கிறான். இரண்டாமவன், எப்படியும் தோற்கப்போகிறோம், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள் என்கிறான். மூன்றாமவன் எண்களோடு வருகிறான்: நூறு முறை பந்து கைக்கு வந்தால் இந்த அணி எத்தனை புள்ளி எடுக்கிறது, எத்தனை கொடுக்கிறது, ஆகவே வாய்ப்பு நூற்றுக்கு இத்தனை. மூவரும் ஒரே கேள்விக்கு மூன்று பதில்கள் சொல்வதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, நண்பனின் தொலைபேசி வரும்வரை.

"இந்தத் தடவை நாம ஜெயிப்போம்டா" என்றான்.

"அப்ப நூறு டாலர் கட்டேன்."

"கட்டமாட்டேன்."

"சரி, கனெக்டிகட் மேல கட்டு. தோத்தாலும் பணமாவது மிஞ்சும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இந்த மாதிரியெல்லாம் பேசாதே" என்றான். இருபது வருஷச் சிநேகிதத்தில் அவன் குரல் அப்படிக் கடினமாகிக் கேட்டதில்லை.

நான் தெரிந்துதான் கேட்டேன். ஒருவனுடைய நம்பிக்கையின் அளவை அவன் எந்த விகிதத்தில் பந்தயம் கட்டச் சம்மதிப்பான் என்பதைக் கொண்டு அளக்கலாம் என்று ஃபிராங்க் ராம்ஸே 1926-ல் எழுதிய கட்டுரையில் சொன்னார். அந்த அளவுகோலின்படி என் நண்பனிடம் நம்பிக்கை இல்லை. பேச்சு மட்டும் இருந்தது. ரிச்சர்ட் ஃபான் மீஸஸோ இன்னும் ஒரு படி மேலே போனவர். ஒரு தனி நிகழ்ச்சிக்குச் சாத்தியக்கூறு என்று ஒன்று கிடையாது, ஒரேமாதிரி நிகழ்ச்சிகளின் நீண்ட வரிசைக்குத்தான் அது உண்டு என்பது அவர் வாதம். வங்கி மேஜையில் தினமும் எனக்கு இது அனுபவம். இந்த ரகக் கடன்களில் நூற்றுக்கு இத்தனை திரும்பி வரும் என்று காகிதம் சொல்லும். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் மனிதர் நூற்றுக்கு இத்தனை திருப்பிக் கட்டப்போவதில்லை. கட்டுவார் அல்லது கட்டமாட்டார். எண் அவரைப் பற்றியது அல்ல, அவரைப் போன்றவர்களைப் பற்றியது. 2024 ஏப்ரல் 8 ஆட்டமும் ஒரே ஒரு முறைதான் ஆடப்படும்.

ஆகவே மூன்றாமவன் சொல்லும் எண் பொய் இல்லை. ஆனால் மற்ற இருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது வேறு: வரப்போகிற ஒன்றின் முன் நான் எப்படி நிற்பது?

2018-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு இங்கே உதவுகிறது. அமெரிக்கக் கல்லூரி அணிகளின் ரசிகர்களிடம், உங்கள் அணி தோற்றால் ஐந்து டாலர் தருகிறோம், ஜெயித்தால் நீங்கள் ஒன்றும் தரவேண்டாம் என்றார்கள். இலவசப் பணம். ஏறக்குறையப் பாதிப்பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். கணக்குப் பார்க்கிறவனுக்கு இது அசட்டுத்தனம். ஐந்து டாலரை வாங்கிக்கொண்டால் அணியின் வாய்ப்பு இம்மியும் குறையப்போவதில்லை. ஆனால் வாங்கியவனுக்குள் ஒரு சிறிய பங்குதாரர் உட்கார்ந்துகொள்வார், தோல்வியில் லாபம் காண்கிறவர். ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில், எல்லாம் கைவிட்டுப் போகும்போது, அவர் மெல்லத் தலையசைப்பார். மறுத்தவர்கள் தங்கள் அணி ஜெயிக்கும் என்று நம்பியதால் மறுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தோற்கலாம் என்று தெரிந்துகொண்டே, தனக்குள் அந்தப் பங்குதாரருக்கு இடம் கொடுக்காதவர்கள் என்று சொல்லலாம். நம்பிக்கை என்ற சொல்லின் மூன்றாவது அர்த்தத்துக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்படிப் பார்த்தால் இரண்டாமவன் மேல் எனக்குள்ள மரியாதை குறைகிறது. எப்படியும் தோற்போம் என்கிறவன் உண்மையைத் துணிந்து சொல்கிறவனாக நடிக்கிறான். அவன் ஐந்து டாலரை முன்பணமாகவே வாங்கிவிட்டவன். அணி தோற்றால் 'சொன்னேனே' என்ற திருப்தி. ஜெயித்தால் எதிர்பாராத சந்தோஷம். எதுவானாலும் அவனுக்கு நஷ்டம் இல்லை. நஷ்டமே வராதபடி ஒன்றை நேசிக்க முடியுமா?

முதலாமவனையும் விட்டுவிட முடியாது. டபிள்யூ. கே. கிளிஃபர்ட் 1877-ல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல்காரன் வருகிறான். கப்பல் பழுது என்ற சந்தேகத்தை மனதுக்குள் அமுக்கிவிட்டு, ஒன்றும் ஆகாது என்று நம்பி, பிரயாணிகளை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான் என்கிறார் கிளிஃபர்ட். அப்படி நம்ப அவனுக்கு உரிமை இல்லை. வில்லியம் ஜேம்ஸ் 1896-ல் இதற்குப் பதில் சொன்னார்: சில காரியங்களில் முன்கூட்டியே நம்பினால்தான் அந்தக் காரியமே நிஜமாகும். ஜேம்ஸ் சொல்வது ஆட்டக்காரனுக்குப் பொருந்துகிறது. 2023 தோல்விக்குப் பின் ஈடி தொழில்முறை ஆட்டத்துக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டு, அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இன்னொரு வருஷம் கல்லூரியிலேயே ஆடினார். அவருடைய நம்பிக்கைக்குப் பந்தை நகர்த்தும் சக்தி இருந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் ரசிகனின் நம்பிக்கை எந்தப் பந்தையும் நகர்த்தாது. ஜேம்ஸின் சலுகை அவனுக்குக் கிடைக்காது. கிளிஃபர்டின் குற்றச்சாட்டும் அவன்மேல் விழாது என்றுதான் முதலில் நினைத்தேன். அவனிடம் கப்பல் ஏது, பிரயாணிகள் ஏது?

பிரயாணிகள் இருக்கிறார்கள். 2018 மே மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான மத்திய சட்டத்தை ரத்து செய்தது. அதன்பின் பல மாநிலங்கள் பந்தயத்தை அனுமதித்துவிட்டன. இன்று பணம் இழந்தவன், எறிதல் தவறவிட்ட பத்தொன்பது வயதுப் பையனுக்கு நேரடியாக வசை அனுப்புகிறான், கொலைமிரட்டல்கூட விடுக்கிறான். அவனைக் கேட்டால் 'உன்னை நம்பித்தானே கட்டினேன்' என்பான். அவன் சொல்வது ஒருவகையில் சரி. மூன்றாவது நம்பிக்கையை இரண்டாவதாக்கி, காத்திருப்பைக் கடனாக்கி, ஒரு பையன் தலையில் ஏற்றிவிட்டான். அந்தக் கடன் பத்திரத்தில் பையன் கையெழுத்துப் போடவில்லை. பந்தயம் கட்டாதவனும் இதைச் செய்கிறான். 'எங்களை ஏமாற்றிவிட்டார்கள்' என்று சொல்லும்போதெல்லாம் செய்கிறான். நப்பாசையில் தவறு இல்லை. அதற்கு வட்டி வசூலிக்கப் புறப்படுவதுதான் தவறு.

இதில் நமக்கு என்ன என்று இந்தப் பத்திரிகையின் வாசகர் கேட்கலாம். சில நூறு பிரதிகள் அச்சாகும் பத்திரிகைகளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நம் எழுத்து உலகத்தின் பெரிய எழுத்துக்களோடு நிற்குமா என்று நாமும் வருஷக்கணக்காக விவாதித்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு புதுக் கவிதைத் தொகுப்பையும் மகத்தான நிகழ்வு என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. தமிழில் ஒன்றும் உருப்படாது என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் விமர்சகர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவர்களுக்குக் கறாரானவர்கள் என்று பெயர். எனக்கும் சில சமயம் அந்தப் பெயர் கிடைத்திருக்கிறது. ஒரு மோசமான நாவலைப் படித்து முடித்தபோது எனக்குள் யாரோ மெல்லத் தலையசைத்ததை நான் கவனித்திருக்கிறேன். ஐந்து டாலரை நானும் வாங்கியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைப் பற்றி 1976-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அவர்கள் நாட்டுக் கால்பந்தைப் பற்றியது. தங்கள் அணி ஜெயித்த ஆட்டத்தைச் சொல்லும்போது 'நாம்' என்கிறவர்கள், தோற்ற ஆட்டத்தைச் சொல்லும்போது 'அவர்கள்' என்று நழுவுவது அதிகம் என்று அது கண்டது. ஜெயித்தது நாம், தோற்றது அவர்கள். ரசிகனுடைய நேர்மையைச் சோதிக்க ஆட்டத்துக்கு முன் அவன் சொல்லும் எண்ணைப் பார்ப்பதைவிட, ஆட்டத்துக்குப் பின் அவன் வாயில் வரும் வினைமுற்றைப் பார்ப்பது மேல் என்று நினைக்கிறேன்.

இறுதியாட்டத்தில் கனெக்டிகட் 75-60 என்று ஜெயித்தது. ஈடியைத் தனியாளாக ஒருவரிடம் விட்டுவிட்டு, மற்றவர்களை வட்டத்துக்கு வெளியிலிருந்து எறியவிடாமல் மறித்தார்கள். மூன்று புள்ளி எறிதலுக்குப் பேர்போன அணி ஆட்டம் முழுவதும் 7 தடவைதான் முயன்றது, 1 விழுந்தது. அறுபதில் 37 புள்ளிகள் ஈடி ஒருவருடையவை. எண்களோடு வந்தவன் சொன்னபடிதான் நடந்தது.

இங்கே அப்போது செவ்வாய்க்கிழமை காலை. நான் வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நண்பன் கூப்பிட்டான். "தோத்துட்டோம்டா" என்றான். பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள், அந்த உயரமான பையனை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது என்றான். முதல் தடவை பேசியபோது 'நாம' என்று என்னையும் சேர்த்துக்கொண்டவன். இப்போது சொன்னது நாமா, நாங்களா என்று அந்த வினைமுற்றில் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.