உள்ளங்கை அளவு ரொட்டி

போன மாதம் அண்ணன் மகள் மலையகத்தில், ராகலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கொழும்பில் வேலை செய்கிறாள். இரவு எல்லோரும் படுத்த பிறகு என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, நீங்க செஞ்ச ஒபரேஷன நானும் செய்யலாமான்னு யோசிக்கிறேன். மறுபடி கேட்டா நீங்க செய்வீங்களா?" என்றாள். செய்வேன் என்று உடனே சொல்லிவிட்டேன். அவள் தூங்கிய பிறகுதான், சொன்னது பாதிப் பதில் என்று தோன்றியது. மீதியை எழுதிப் பார்க்கிறேன்.

2017இல் எனக்கு வயது 43. உயரம் 155 சென்ரிமீற்றர், எடை 112 கிலோ. சீனி வருத்தத்துக்கு இன்சுலின், பிரஷருக்கு இரண்டு குளிசை. நான் படிப்பிக்கும் பாடசாலையின் படிக்கட்டில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன். பிள்ளைகள் என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஓடுவார்கள். சோற்றைக் குறைத்து, விடியற்காலையில் பனியில் நடந்து, பத்துக் கிலோ இறக்குவேன். ஆறு மாதத்தில் பன்னிரண்டு கிலோ ஏறியிருக்கும். நான்கு முறை இப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு மனவுறுதி இல்லை என்று நானே என்னைத் தண்டித்துக்கொண்டேன்.

கொழும்பில் பார்த்த டொக்டர் மனவுறுதியைப் பற்றிப் பேசவில்லை, எடை குறைப்புச் சத்திரசிகிச்சை ஒன்றைச் சொன்னார். இரைப்பையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுத்துவிட்டால், வாழைப்பழம் போல ஒரு குழாய்தான் மிஞ்சும். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். வெட்டி எடுக்கும் பகுதியில்தான் கிரெலின் என்ற பசியைத் தூண்டும் சுரப்பு பெரும்பாலும் உண்டாகிறது, அதுவும் குறையும். ஆபத்தையும் மறைக்காமல் சொன்னார். சுவீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வில், எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 2,010 பேரில் 5 பேர் முதல் 90 நாட்களுக்குள் இறந்திருக்கிறார்கள். ஆனால் பத்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், செய்யாதவர்களைவிடச் செய்தவர்களில்தான் இறப்புக் குறைவு. அந்தக் கணக்கை ஒரு வாரம் மனதில் போட்டு உருட்டிவிட்டுச் சம்மதித்தேன்.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. பித்தப்பையில் கல், அதை எடுக்கப் போகிறேன் என்றேன்.

இந்தியாவில் நிதின் கட்கரி 2011இலும், அருண் ஜெட்லி 2014இலும் இந்த வகைச் சிகிச்சை செய்துகொண்டது பத்திரிகைகளிலேயே வந்தது. ராகலையில் ஒரு டீச்சருக்கு அதைச் சொல்லும் துணிவு வரவில்லை. வயிறு நிறையச் சாப்பிடுவதற்கென்றே மூன்று தலைமுறை மலை ஏறிய தோட்ட லயத்திலிருந்து வந்தவள், சாப்பிடாமல் இருப்பதற்காக வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்பதை எந்த வாயால் சொல்வது?

நான் பிறந்தது 1974இல். மலையகத்தில் அந்த ஆண்டைப் பற்றி வயதானவர்களிடம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். 1973இலும் 1974இலும் பங்கீட்டு மாவும் அரிசியும் சுருங்கின, விலை ஏறியது, தோட்டங்களில் வேலை நாளும் குறைந்தது. பட்டினியாலும் அதையொட்டி வந்த நோயாலும் தோட்டங்களில் இறப்பு வீதம் சட்டென்று உயர்ந்தது. அம்மா என்னைச் சுமந்தபடி கொழுந்து பறித்தது அந்த நாட்களில்தான். பிறந்தபோது நான் இரண்டு கிலோகூட இல்லையாம். "கையில தூக்கினா துணி மட்டுந்தான் இருக்கிற மாதிரி இருக்கும்" என்பார்.

அதனால்தான் நிலைமை கொஞ்சம் தேறிய பிறகு அம்மா எனக்கு ஊட்டிக்கொண்டே இருந்தார். காலையில் தடித்த கோதுமை ரொட்டி, தேங்காய்ச் சம்பல், நிறையச் சீனி போட்ட தேத்தண்ணி. நான் டீச்சராகி வீட்டுக்கு மாதச் சம்பளம் வந்த பிறகும், தட்டில் கொஞ்சம் மீதம் வைத்தால் அம்மாவின் முகம் மாறிவிடும். ஒருநாளும் நான் மீதம் வைத்ததில்லை. அது பசி இல்லை. அந்த முகம் மாறிவிடக் கூடாதே என்றுதான்.

டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய மருத்துவரைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். வயிற்றில் இருக்கும்போதே ஊட்டம் குறைந்து, எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களான பிறகு சீனி வருத்தமும் இருதய நோயும் கூடுதலாக வருகின்றன என்று எடுத்துக் காட்டியவர். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் வந்த பஞ்சத்தின்போது தாய் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது, சீனியைக் கையாளும் வலு அவர்களுடைய உடலில் குறைந்திருந்தது. என் பருமனுக்கு முழுக் காரணம் அதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படித்த அன்று இரவு நெடுநேரம் அழுதேன். பசிக்கும் பருமனுக்கும் சம்பந்தமில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஒபரேஷனுக்குப் பிறகு இரண்டு கிழமை நீராகாரம், அடுத்து மசித்த உணவு, பிறகு ஒரு வேளைக்கு நாலைந்து கரண்டி. மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அம்மா ரொட்டி சுட்டு வைப்பார். நான் ஓரத்தைக் கிள்ளித் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். ஒருநாள் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "குடுக்க இல்லாத காலத்துல நீ அழுதே. இப்ப இருக்கு, நீ திங்க மாட்டேங்கிற. அம்மா கை அலுத்துப் போச்சா?" அன்றுதான் உண்மையைச் சொன்னேன். ஒபரேஷன் முடிந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அம்மா கோபப்படவில்லை. "அந்தக் கொடல் கிழிச்ச நேரத்துல நான் பக்கத்துல இருந்திருப்பேனே" என்றார். அந்த ஒரு வாக்கியம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

ஒன்றரை ஆண்டில் 71 கிலோவுக்கு வந்தேன். 41 கிலோ குறைந்திருந்தது. ஒரு பெயருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கேட்கும் தோட்டத்தில், அம்மா இரண்டு நாள் முழுக்கப் பறித்தாலும் அவ்வளவு கொழுந்து சேராது. அந்தப் பாரத்தைத்தான் படிக்கட்டில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். இன்சுலின் நின்றது. பிள்ளைகளிடம் பையைக் கொடுக்காமல் ஏறினேன்.

அதோடு முடியவில்லை. உயிர் உள்ளவரை பி12, இரும்புச் சத்து, கல்சியம் எடுக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக் கடைகளில் அவை கிடைக்காமல், இரத்தச் சோகை வந்து வகுப்பில் தலைசுற்றி உட்கார்ந்தேன். அதே நாட்களில் மாவு விலை ஏறி, லயங்களில் பல வீடுகளில் ஒரு வேளையைக் குறைத்துக்கொண்டார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் வெறுந்தேத்தண்ணியோடு வந்தார்கள். 1974ஐ அன்று கண்ணால் பார்த்தது போல இருந்தது. பயத்தில் நான் அடிக்கடி கொறிக்கத் தொடங்கினேன். இன்று 79 கிலோ. சீனிக்கு ஒரு குளிசை திரும்ப வந்திருக்கிறது. சாப்பாடு இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தை எந்தக் கத்தியும் எடுக்கவில்லை.

அண்ணன் மகளே, மீதிப் பதில் இதுதான். இந்த ஒபரேஷன் சுகமான குறுக்குவழி என்று யார் சொன்னாலும் நம்பாதே. என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியங்களில் அது ஒன்று. இப்போது வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிகளும் வந்திருக்கின்றன. டொக்டரிடம் அதையும் கேள். எதைத் தேர்ந்தாலும், நீ யாருக்காகச் சாப்பிடுகிறாய் என்பதை முதலில் கண்டுபிடி. கண்டுபிடித்ததும் அவரிடம் போய்ச் சொல். ஒபரேஷனுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஒளித்த பதினோரு மாதத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கை நடுங்குகிறது. ஆனாலும் காலையில் எல்லோருக்கும் வழக்கமான அளவில் ரொட்டி தட்டிவிட்டு, கடைசியில் மிஞ்சும் உருண்டையை உள்ளங்கை அளவுக்குத் தட்டிக் கல்லில் போடுவார். அதில் மட்டும் தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதை நான் மீதம் வைப்பதில்லை.